கொடி தாங்குகிற துணி

பத்துப் பேர் இருக்கிற வீட்டில் துணி வேலை என்றாலே துவைக்கிற வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கோத்தகிரிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த எனக்குத் தெரிந்தவரை துவைப்பது அதில் சின்னப் பங்கு. சோப்புப் போட்டு அலசுவதைக் கையோ மெஷினோ ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும். பிறகு அது காய வேண்டுமே, அங்கேதான் மலைக்காரர்களின் பாடு தொடங்குகிறது. கீழே மேட்டுப்பாளையத்தில் காலையில் உலர்த்தினால் மதியச் சாப்பாட்டுக்குள் மொறமொறவென்று எடுத்துவிடலாம். அங்கிருந்து பஸ் ஏறி ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்துக்கு வந்துவிட்டால் கணக்கே வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கத்தைப் போட்டுப் புரட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அது ஓய்ந்ததும் அக்டோபரில் வடகிழக்கு வந்து குன்னூரையும் கோத்தகிரியையும் பிடித்துக்கொள்ளும். மழை விட்டாலும் தூவானம் விடாது, தூவானம் விட்டால் மஞ்சு இறங்கும்.

அதனால் எங்கள் வீட்டின் முதல் சட்டம் இதுதான்: அழுக்குத் துணி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துத் துவைக்கக் கூடாது, கொடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துத் துவைக்க வேண்டும். மெஷினில் நன்றாகப் பிழிந்தெடுத்த ஐந்து கிலோ துணிக்குள் இன்னும் இரண்டரை, மூன்று லிட்டர் தண்ணீர் இருக்கிறது. வெளியே வெயில் இல்லை என்றால் அத்தனையும் நம் வீட்டுக் காற்றில்தான் கலக்கும். அங்கிருந்து சுவருக்கும் பீரோவுக்கும் மெத்தைக்கும் போகும். அழுக்குத் துணி ஒரு வாரம் சாக்கில் கிடந்தால் ஒன்றும் ஆகாது, அது ஈரமில்லாமல் இருந்தால் போதும். துவைத்துக் காயாத துணி மூன்று நாள் கிடந்தால் வீடே வாடை அடிக்கும். சோம்பல் இல்லாத பெண்கள்தான் இந்த விஷயத்தில் அதிகம் அவதிப்படுகிறார்கள். கூடையில் அழுக்கு இருப்பது அவர்கள் கண்ணை உறுத்துகிறது, எல்லாவற்றையும் ஒரே நாளில் துவைத்துப் போட்டுவிடுகிறார்கள்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுபவர். அவர் பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று ஒதுக்கப்பட்ட லட்சக்கணக்கானவர்களில் அவர் குடும்பமும் ஒன்று. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, கடைசியில் அரசின் டான்டீ தோட்டத்தில் வேலை கிடைத்து நீலகிரிக்கு வந்தார்கள். அங்கேயும் லயம் என்கிற தோட்டக் குடியிருப்பில் ஓர் அறை, இங்கேயும் லயத்து அறை. ஒரே அறையில் எட்டுப் பேர், ஒரே அடுப்பு, அடுப்புக்கு மேலே ஒரே கொடி. "கொடியில எடமிருந்தா தண்ணியில நனை, இல்லாட்டி அப்படியே மடிச்சு வை" என்பார். அந்த ஒற்றைக் கொடியில் எட்டுப் பேரை மானமாக உடுத்தி வேலைக்கும் பள்ளிக்கும் அனுப்பிய மனுஷி சொல்கிறார் என்றால் அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

துணியைப் பிரிப்பதில் பொதுவாக வெள்ளை, கலர் என்றுதான் பிரிப்பார்கள். மலையில் அதற்கு முன்னால் இன்னொரு பிரிவு வேண்டும், எது எவ்வளவு நேரத்தில் காயும் என்பது. நான் வீட்டில் தையல் மெஷின் வைத்திருப்பவள், துணியைத் தொட்டாலே எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று கை சொல்லிவிடும். பாலியஸ்டர் புடவை, நைலக்ஸ், டிராக் பேன்ட், பள்ளிச் சட்டை இவை முதல் சாக்கு. பருத்தி நைட்டி, வேட்டி, உள்ளாடை இரண்டாவது. ஜீன்ஸ், துண்டு, ஸ்வெட்டர், போர்வை மூன்றாவது. காலையில் எழுந்ததும் கிழக்கே பார்ப்பேன். வானம் வெளுத்து, எதிர்ச்சரிவுத் தேயிலைப் பாத்திகள் கோடு கோடாகத் தெளிவாகத் தெரிந்தால் மூன்றாவது சாக்கு. எதிர்ச்சரிவு மங்கலாக இருந்தால் முதல் சாக்கு மட்டும். சரிவே தெரியவில்லை என்றால் அன்றைக்கு உள்ளாடையும் பள்ளிச் சீருடையும் தவிர எதையும் நனைப்பதில்லை. மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் யாரும் ஜீன்ஸ் போடுவதும் இல்லை. வயதுப் பிள்ளைகள் முதலில் முனகினார்கள், ஈர ஜீன்ஸைக் காலில் ஏற்றிக்கொண்டு ஒருமுறை கல்லூரி போய்வந்த பிறகு முனகல் நின்றுவிட்டது.

உலர்த்துவதை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். நம் ஊரில் பகல் ஒரு மணி, இரண்டு மணிக்கு மேல் பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறும். அது ஏறுவதற்குள் துணி உள்ளே வந்துவிட வேண்டும், காய்ந்திருந்தாலும் சரி, காயாவிட்டாலும் சரி. மஞ்சில் அரை மணி நேரம் விட்டால் காலையிலிருந்து காய்ந்ததெல்லாம் வீண். பகலில் வீட்டில் இருப்பவர் அத்தைதான், அவருக்கோ கையை உயரத் தூக்க முடியாது. அதற்காக வாசல் கொடியைக் கப்பி வைத்துக் கட்டினோம். கயிற்றை அவிழ்த்தால் கொடி இடுப்பளவுக்கு இறங்கும், உட்கார்ந்தபடியே துணியை எடுத்துவிடலாம். கப்பியும் கயிறும் வாங்கப் பெரிய செலவில்லை. வயதானவர்கள் இருக்கிற எல்லா வீட்டிலும் இதைச் செய்யுங்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

கொடிக்குக் கட்டுக்கம்பி வேண்டாம், நைலான் கயிறு கட்டுங்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. என் ஓரகத்தி அக்கா கொழுந்து எடுக்கப் போகிறவர். அவர் உடுப்பில் தேயிலைச் சாறு ஊறியிருக்கும். தேயிலையில் இருக்கிற டானின் இரும்போடு சேர்ந்தால் கறுப்பாகிவிடும், அந்தக் காலத்தில் மை காய்ச்சியதே அப்படித்தான். துருப்பிடித்த கம்பியில் அந்த ஈரத் துணியைப் போட்டால் மடிப்பு நெடுக மை கொட்டியதுபோல் கறுத்த கோடு விழும். அதைப் போக்கப் பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள், துருக்கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து, வெயிலில் வைத்து அலசினால் புதுக்கறையாக இருந்தால் போய்விடும்.

தோட்டத்து உடுப்பு வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்பது இன்னொரு சட்டம். இடுப்பில் கட்டுகிற படங்கு, மேலே போடுகிற பழைய முழுக்கைச் சட்டை, தலைத்துணி எல்லாவற்றுக்கும் பின்பக்கத் தாழ்வாரத்தில் தனி ஆணி, தனி வாளி. மழை நாளில் முதல் வேலை தையல் ஓரங்களையும் பாவாடை நாடாப் பட்டியையும் விரலால் தடவிப் பார்ப்பது. அட்டை அங்கேதான் ஒளிந்திருக்கும். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் லேசில் உறையாது, அதனால் காலுறையிலும் பாவாடையிலும் பெரிதாகக் கறை பரவிவிடும். பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு உடனே ஊறவைத்தால் அரை மணியில் கறை இளகும். வெந்நீர் ஊற்றினால் ரத்தத்தில் உள்ள புரதம் வெந்து நூலோடு ஒட்டிவிடும், பிறகு அது பழுப்புத் தடமாகவே நிற்கும். மருந்து அடித்த நாளின் உடுப்பை வேறு எந்தத் துணியோடும் சேர்க்காதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு தனியாக அலசி, தனிக் கொடியில் போட வேண்டும், அலசிய தண்ணீரைக் கிணற்றுப் பக்கமோ ஓடைப் பக்கமோ ஊற்றக் கூடாது. பிள்ளைகளின் உள்ளாடையும் இந்த உடுப்பும் ஒரே மெஷினில் சுற்றுவதைச் சில வீடுகளில் பார்க்கும்போது மனது பதறுகிறது.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மலைத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுக்குப் பவுடர் போட்டால் நுரை பொங்கும், அலச அலசப் போகாது. நான் பாதி அளவுதான் போடுகிறேன். குளிர்ந்த தண்ணீரில் பவுடர் சரியாகக் கரைவதில்லை என்பதால் ஒரு சொம்பு வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றுகிறேன். பிழிவதுதான் முக்கியம். மெஷின் புதிதாக வாங்குகிறவர்களுக்கு என் யோசனை, பெரிய குடும்பமாக இருந்தால் இரண்டு தொட்டி உள்ள செமி ஆட்டோமேட்டிக்கே வாங்குங்கள். பிழிகிற தொட்டி நிமிடத்துக்கு 1,300 சுற்றுக்குக் குறையாமல் சுற்றுவதாகப் பார்த்து எடுங்கள். ஒரு தொட்டியில் துவைத்துக்கொண்டிருக்கும்போதே மற்றதில் பிழியலாம், மழை நாளில் இரண்டு முறை பிழியலாம், கையால் அலசிய துணியையும் பிழிந்துகொள்ளலாம். கரண்ட் போனாலும் பாதியில் கதவு பூட்டிக்கொண்டு நிற்காது. கோடையில் குழாய்த் தண்ணீர் முறை வைத்து வரும்போது, முதல் தவணையின் கடைசி அலசல் நீரை அடுத்த தவணைத் துணியை ஊறவைக்க எடுத்துக்கொள்ள இதுவே வசதி.

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் வீட்டுக்குள் உலர்த்துவது எப்படி என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் எல்லா அறையிலும் நாற்காலி முதுகு, கட்டில் விளிம்பு, கதவு என்று போட்டுவைக்கிறார்கள். ஒரே ஒரு அறையை அதற்கு ஒதுக்குங்கள். எங்களுக்கு அது சமையலறையை ஒட்டிய சின்ன அறை. கொடியை உத்தரத்துக்கு அருகே உயரத்தில் கட்டினோம், சூடு மேலேதான் நிற்கும். துணிக்குத் துணி ஒரு சாண் இடைவெளி. சட்டையை ஹேங்கரில், பேன்ட்டை உட்புறம் வெளியே திருப்பி இடுப்புப் பட்டியைப் பிடித்து, உள்ளே காற்றுப் போகிற மாதிரி. கீழே ஒரு டேபிள் ஃபேன். சூட்டைவிடக் காற்றோட்டம்தான் அதிகம் வேலை செய்யும். வெளியே மஞ்சாக இருக்கிறதே, ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்பார்கள். ஒரு கணக்குச் சொல்கிறேன். 14 டிகிரியில் மஞ்சு நிறைந்த காற்று உள்ளே வந்து அடுப்புச் சூட்டில் 20 டிகிரி ஆனால், அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு இறங்கிவிடும். துணியிலிருந்து ஈரம் வாங்க அந்தக் காற்றுக்கு இடம் கிடைக்கும். எல்லாவற்றையும் இறுக மூடிய அறையில் காற்று நிரம்பிப்போய் இன்னும் வாங்காது. ஆகவே மேலே ஒரு சின்ன வெண்டிலேட்டராவது திறந்திருக்கட்டும்.

கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் துணி காயவைக்கிற வழக்கம் நம் மலையில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். கரி எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிருக்குக் கணப்புப் போட்டு மூடிய அறையில் தூங்கி எழுந்திருக்காமலே போனவர்களைப் பற்றி எத்தனை முறை செய்தியில் படித்திருக்கிறோம். கைக்குழந்தைத் துணிக்குக் கூடையைக் கவிழ்த்து அடியில் சாம்பிராணி, தணல் வைப்பது நல்ல வழக்கம்தான். கதவைத் திறந்துவைத்து, பக்கத்திலேயே ஆள் உட்கார்ந்து, முடிந்ததும் தணலை வெளியே கொண்டுபோய்விட வேண்டும்.

துணி காய்ந்ததா என்று கையால் தொட்டுப் பார்த்தால் குளிரில் எல்லாமே ஈரமாகத்தான் தெரியும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். அதுவும் சட்டையின் நடுப்பகுதியை வைத்தால் போதாது. காலர் மடிப்பு, பாக்கெட்டின் உள்துணி, கைக்கஃப், எலாஸ்டிக் பட்டி, காலுறை நுனி இவைதான் கடைசியில் காய்பவை. இவை ஐந்தும் கன்னத்தில் சில்லென்று இல்லாவிட்டால் காய்ந்தது. அப்படியிருந்தும் நேரே பீரோவுக்குப் போகாது. அடுப்படிப் பக்கம் வாட்டக் கொடி என்று ஒன்று வைத்திருக்கிறோம், ஒரு ராத்திரி அதில் கிடந்த பிறகே மடிப்பு. பூசணம் பிடித்த துணி ஒன்று போதும், அடுக்கு முழுவதும் வாடை ஏறிவிடும்.

அந்த வாடைக்கு என்ன காரணம் என்பதை 2012-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியாதான் முக்கியமான ஆள். காய்ந்த துணியிலும் அது சாகாமல் தாக்குப்பிடிக்கும். துவைத்து வெயிலில் போட்ட துண்டு, முகம் துடைத்த உடனே மறுபடி நாறுகிறதே, அது இதனால்தான். வாசனைத் திரவம் ஊற்றினால் மேல்பூச்சாக மறையும், அவ்வளவுதான். பாய்லரில் நன்றாகக் கொதித்த தண்ணீரில் துண்டையும் கைக்குட்டையையும் பருத்தி உள்ளாடையையும் அரை மணி ஊறவைத்துப் பிறகு துவைத்தால் போய்விடும். கம்பளியை மட்டும் அதில் போட்டுவிடாதீர்கள், பொம்மைச் சட்டையாகச் சுருங்கி வரும்.

அடுக்குவதைப் பற்றி. ஆளுக்கொரு பீரோ என்பது பெரிய குடும்பத்துக்கு ஒத்துவராது, இடமும் இல்லை. உள்ளாடையும் வெளியே போடுகிற உடுப்பும் ஆளுக்கு ஒரு தட்டு. துண்டு, போர்வை, ஸ்வெட்டர், மழைக்கோட்டு எல்லாம் பொது. அரசுப் பள்ளியில் மலைப்பகுதிப் பிள்ளைகளுக்குச் சீருடையோடு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, பூட்ஸ், காலுறை எல்லாம் விலையில்லாமல் கிடைக்கிறது. எங்கள் வீட்டுச் சிறுசுகள் நான்கு பேருக்கும் ஒரே நிறம், ஒரே மாதிரி என்பதால் யாருடையது எது என்று தினமும் சண்டை. அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் சேராங்கொட்டைச் சாற்றில் குறி போட்டு ஊர்த்துணி முழுவதையும் பிரித்தறிந்தார்கள். நான் காலரின் உட்பக்கம் கலர் நூலில் இரண்டு தையல் போட்டுவிடுகிறேன், பெரியவனுக்குச் சிவப்பு, அடுத்தவளுக்கு மஞ்சள் என்று. படிக்கத் தெரியாத குழந்தைகூடத் தன் சட்டையை எடுத்துவிடும். தம்பிக்குச் சட்டை கைமாறும்போது பழைய நூலைப் பிரித்துப் புது நூல் போட்டால் ஆயிற்று. காலுறைக்கு மட்டும் குறி கிடையாது, ஒரே நிறத்தில் வாங்கி ஒரே டப்பாவில் போட்டுவிட்டோம், காலையில் யாரும் ஜோடி தேடுவதில்லை.

பீரோவைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். வெளிச்சுவர் குளிர்ந்து வியர்க்கும், நான்கு விரற்கடை இடைவெளி வேண்டும். பட்டுப்புடவையைப் பிளாஸ்டிக் கவரில் போடாமல் பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து மடிப்பை மாற்றி வையுங்கள். ஈரம் பட்டால் ஜரிகை கறுக்கும், ஒரே மடிப்பில் கிடந்தால் இற்றுப்போகும். அந்துருண்டையைக் கைக்குழந்தைத் துணி இருக்கிற தட்டில் வைக்கவே கூடாது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு நாப்தலீன் ரத்த அணுக்களைச் சிதைத்துவிடும், அந்தக் குறை இருப்பது பல வீடுகளில் தெரிவதே இல்லை. எனக்குப் பாச்சையைவிடக் கம்பளியை அரிக்கிற அந்துப்பூச்சிதான் பயம். அது அழுக்கும் வியர்வையும் பட்ட கம்பளியைத் தேடித் தின்னும், துவைத்துக் காயவைத்து இறுகக் கட்டிய கம்பளியை அவ்வளவாகத் தொடாது. அத்தை மண்டபத்திலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியில்தான் எங்கள் கம்பளிகள் இருக்கின்றன.

இந்த வேலையெல்லாம் ஒருத்தி தலையில் விழக் கூடாது என்பதில் நான் கறாராக இருக்கிறேன். பத்து வயதானால் ஆணோ பெண்ணோ தன் உள்ளாடையையும் காலுறையையும் குளிக்கும்போதே அலசிப் பிழிந்து போட்டுவிட வேண்டும். மெஷினில் போடுவது நான், கொடிக்கு எடுத்துப்போவது என் வீட்டுக்காரர், இறக்குவது அத்தை. மடிப்பதை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து செய்கிறோம். கொழுந்துக் கூடையைச் சுமந்துவிட்டு வருகிற அக்காவுக்கு இதில் எந்த வேலையும் கிடையாது. அதை வீட்டில் யாரும் இதுவரை கேள்வி கேட்டதில்லை, கேட்கவும் விடமாட்டேன்.

ஆண்டுக்கு ஒருமுறை பெரிய துவைப்பு உண்டு. பொங்கல் முடிந்ததிலிருந்து மார்ச் வரை மலையில் மழை குறைவு, விடியலில் உறைபனி விழுந்தாலும் பகலில் சுள்ளென்று வெயில் அடிக்கும், காற்றும் வறண்டிருக்கும். போர்வை, ரஜாய் உறை, ஜன்னல் திரை, கம்பளி எல்லாம் அப்போதுதான். ஸ்வெட்டரைக் கொடியில் தொங்கவிட்டால் தண்ணீர் பாரத்தில் நீண்டுவிடும். கவிழ்த்த கொழுந்துக் கூடைமேல் விரித்துப் போட்டால் அடியிலும் காற்றோடும், வடிவமும் கெடாது. அப்போதே யாருக்கு எது சிறிதாகிவிட்டது என்றும் பார்த்துவிடுகிறோம். கைமாற்ற ஆளில்லாத கம்பளி ஸ்வெட்டரை அத்தை பிரித்துவிடுவார். பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும், அதை நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, நனைத்து, அடியில் ஒரு கனத்தைத் தொங்கவிட்டுக் காயவைத்தால் நேராகிவிடும். இரண்டு பழைய ஸ்வெட்டரில் ஒரு புது ஸ்வெட்டருக்கு நூல் தேறும். நிறம் சேராவிட்டால் கோடு போட்டுப் பின்னிக்கொள்ளலாம்.